திறவுகோல் யாரிடம்?

6,000 கோடி ரூபாய்! அச்சுப்பிழையன்று தோழர்களே, எண்ணைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம். 2024 நவம்பர் 25 ஆம் நாள் கூடிய ஒன்றிய அமைச்சரவை, ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற பெயரில் ஒரு திட்டத்திற்கு இசைவு தந்தது. மூன்று ஆண்டுகளுக்கென அதற்கு ஒதுக்கிய தொகை அது. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், ஒன்றிய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள 6,300 க்கும் மேற்பட்ட கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் இணையத்தின் வழியே கிடைக்கும். ஒரு கோடியே எண்பது இலட்சம் பேர் பயன் பெறுவர் என்று பறைசாற்றினர். 2025 பிறந்தது, திட்டமும் நடைமுறைக்கு வந்தது. ‘ஒரே’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு ஓர் ஐயம் எழும். அந்த ஐயத்தை வேறோர் இதழுக்கு ஒத்தி வைப்போம். ஏடு வருவது நல்லது. எப்பெயர் பூண்டு வந்தாலும் நல்லது.

வந்த ஏடு எவர் கையில் சேர்ந்தது? அதுதான் இன்று நாம் எழுப்பும் கேள்வி.

ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிய ஊர் சேக்காடு. 1955 சனவரியில் காங்கிரசுப் பேராயம் ஆவடியில் கூடி, சமதரும பாணிச் சமுதாயம் காண்போம் என்று தீர்மானம் நிறைவேற்றியதே, அந்த ஆவடிதான். 1960 களிலிருந்து டாங்கிகளை உருவாக்கி வரும் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ள ஆவடிதான். பக்கத்துப் பட்டாபிராமில் 2024 இறுதியில் 21 மாடி டைடல் பூங்காவும் எழுந்து நின்றுவிட்டது. மாடிக்குக் குறைவில்லை, மின் விளக்குக்கும் குறைவில்லை. ஆனால் இப்பகுதிப் பள்ளிகளில் பாடம் சொல்லும் நம்மிடம், ஒரு காலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள், இன்று கல்லூரி மாணவராகி, மாலை வேளையில் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சார், புராஜெக்ட் எழுதச் சொல்லிட்டாங்க. எங்கே போய்த் தேடறது?”

எளிய கேள்வி. ஆனால் எத்தனை ஆண்டுக்காலக் கொடுமை அதனுள்ளே சுருண்டு கிடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்! தகப்பன் தொழிற்சாலையில் கூலிக்கு நிற்பவன். தாய் நாலு வீட்டில் பாத்திரம் துலக்குபவள். பெண் பட்டப் படிப்பு படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தின்படி 2022 முதல் மாதந்தோறும் 1,000 ரூபாய் தருகிறது மாநில அரசு. கட்டணமின்றிப் பேருந்து ஏறுகிறாள். ஆவடியில் மின்தொடர் வண்டி பிடிக்கிறாள், சென்ட்ரலில் இறங்குகிறாள், பூங்கா நகரில் பறக்கும் இரயில் ஏறிச் சேப்பாக்கமும் சேர்ந்து விடுகிறாள். ஊர் கடத்திவிட உதவிக்கரங்கள் உண்டு. நூலகத்தின் கணிப்பொறி முன் அமர்ந்த பிறகு? அங்கே அவளுக்கு வழி சொல்ல எவருமில்லை.

பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றின் வலைத்தளங்களைத் திறந்து பாருங்கள். முதலில் துணைவேந்தர் படம். அடுத்து நூலகரின் செய்தி. அதன்பின் வேலை நேரம். அதன்பின் ‘மின் வளங்கள்’ என்றொரு பட்டியல். எல்செவியர், ஸ்பிரிங்கர், வைலி, டெய்லர் அண்டு பிரான்சிஸ், சேஜ் எனக் கடைத்தெருப் பெயர்ப்பலகை போல வரிசையாக விற்பனையாளர் பெயர்கள்! பொருளியல் பயிலும் பெண் எந்தப் பெயரைத் தட்டுவாள்? தமிழ் இலக்கியம் பயிலும் இளைஞன் எந்தக் கதவின் முன் நிற்பான்? மருந்துக் கடைக்குப் போனவனிடம், ‘தலைவலிக்கு எது?’ என்ற கேள்விக்கு விடையாக, மருந்து செய்யும் கம்பெனிகளின் பெயர்களை அகர வரிசைப்படி ஒப்பித்தால், அவன் தலைவலி தீருமா, பெருகுமா?

இந்த இடத்தில்தான் நம் பகைவர் புன்முறுவல் பூப்பர். ‘திறமை உள்ளவன் தேடிக் கண்டுகொள்வான்’ என்பர். ஆகா, திறமை! அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சூதை நாம் அறியாதவர்களா? பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு எந்த இதழ் நம்பத்தக்கது, எந்த நூலிலிருந்து தொடங்க வேண்டும், எந்த ஆவணக் காப்பகத்தில் யாரைப் பார்த்து என்ன படிவம் எழுதித் தர வேண்டும் என்பதெல்லாம் உணவு மேசையிலேயே கிடைத்து விடுகின்றன. அது திறமையன்று, சொத்து. தகப்பன் வழியாக மகனுக்கு வரும் சொத்து. வழி எழுதி வைக்கப்படாத இடத்தில், வழி பரம்பரை உடைமையாகிவிடுகிறது. ஓதுவது ஒருவர்க்கே உரியது, கேட்டாலும் குற்றம் என்று ஒரு காலத்தில் சட்டம் செய்தனர். இன்று அப்படிச் சட்டம் செய்ய எவருக்கும் துணிவில்லை, தேவையுமில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருந்தால் போதும். மந்திரம் தெரிந்தவன் மட்டும் உள்ளே போய் எடுத்துக் கொள்வான்!

இதற்கு மருந்து என்ன? உலகம் கண்டுபிடித்து வெகுகாலம் ஆயிற்று. துறைதோறும் ஒரு வழிகாட்டிப் பக்கம். 1970 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழக நூலகத்தார், ஒரு பொருளைப் பற்றிப் படிக்கப் புகுவோருக்கு எங்கிருந்து தொடங்குவது என்பதை ஒரு தாளில் அச்சிட்டு வைத்தனர். வழி காட்டும் தாள் என்றே அதற்குப் பெயரும் இட்டனர். இணையம் பரவியதும் அத்தாள் வலைப் பக்கமாயிற்று. 2007 இல் லிப்கைட்ஸ் என்ற மென்பொருள் விற்பனைக்கு வந்தது. இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதைக் கொண்டோ அதுபோன்ற ஒன்றைக் கொண்டோ தம் மாணவர்க்கு வழி எழுதி வைத்திருக்கின்றன. விலை கொடுக்க முடியாதவர்க்கு, சப்ஜெக்ட்ஸ்பிளஸ் என்ற கட்டற்ற மென்பொருள் காசின்றிக் கிடைக்கிறது. அதுவும் வேண்டாமெனில் வேர்ட்பிரஸ் ஒன்று போதும். எனவே பணமில்லை என்ற பல்லவியைப் பாட எவரும் வாய் திறக்க வேண்டாம்.

வெளிநாட்டாரைப் பார்த்தா நாம் கற்க வேண்டும்? தேவையே இல்லை. சீர்காழியில் 1892 இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராய் இருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராய்ப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதனை உலகம் நூலக அறிவியலின் தந்தை என்கிறது. 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் உலகமெங்கும் நூலகம் பயில்வோர் படிக்கின்றனர். அவற்றுள் நான்காவது, படிக்க வருபவரின் நேரத்தை வீணாக்காதே என்னும் பொருளுடையது. தேடி வருவோனுக்குத் துணை நிற்பதே நூலகரின் தலையாய தொழில் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர் அவர். அதே 1931 இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர் சிற்றூராகக் கொண்டு போயினர். வண்டி மாடு பூட்டி நூலகத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டு சென்ற நாடு இது! விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கண்டது, 1948 இல், நம் சென்னை மாகாணம். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டு வருகிறோம். இத்தனை பெருமையையும் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம். ஆண்டுதோறும் மாலையும் அணிவிக்கிறோம். நான்காம் விதியைச் செய்து காட்டச் சொன்னால் மட்டும் கை நடுங்குகிறது.

வழிகாட்டி என்றால் என்ன, வெறும் இணைப்புகளின் கோவையா என்று கேட்கும் தோழர்க்கு ஒரு சான்று சொல்வோம். சேக்காட்டுப் பெண் ஒருத்தி, பொருளியல் மூன்றாம் ஆண்டு, ‘ஆவடி வட்டாரத்தின் தொழில் வளர்ச்சி’ என்று தலைப்பெடுத்துக் கொள்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தேடுபொறியில் ‘ஆவடி’ என்றும் ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்றும் எழுதுவாள். கிடைப்பது எது? வீட்டு மனை விளம்பரம்! பத்துப் பக்கம் தாண்டினாலும் மனை விளம்பரம்தான். பழைய கணக்கெடுப்பு அறிக்கை ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஏன் படாது? திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997 இல். அதற்கு முன் இந்த ஊரெல்லாம் செங்கற்பட்டு மாவட்டம். அதையும் வெள்ளைக்காரன் ‘சிங்கிள்புட்’ என்று சிதைத்தே எழுதி வைத்தான். ஆகவே 1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தன் ஊரைக் காண விரும்புபவள், தன் மாவட்டத்தின் பெயரை மறந்துவிட்டு, இன்றைக்கு வேறொரு மாவட்டத்திற்கு உரிய பெயரை, அதுவும் சிதைந்த ஆங்கில எழுத்தில் தேட வேண்டும்! மாநிலத்தின் பெயரோ 1969 வரை சென்னை மாநிலம். நகரத்தின் பெயர் ஆங்கிலத்தில் 1996 வரை ‘மெட்ராஸ்’. இவ்வளவையும் அறிந்தவனே தேட முடியும். இருபது வயதுப் பெண்ணுக்கு இதை யார் சொன்னார்கள்? எந்தப் பாடநூலில் இருக்கிறது?

ஒரு நல்ல வழிகாட்டியில் இது முதல் பத்தியில் இருக்கும். நான்கே வரி. அந்த நான்கு வரி அவளுக்கு நான்கு வாரங்களை மிச்சப்படுத்தும். அதன்பின், முதற்கண் படிக்கத் தக்கது இது என்று ஓர் அறிமுகம்: பெரியசாமித் தூரன் தலைமையில் உருவாகி 1954 தொடங்கி வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது என்ற செய்தி. நாடாளுமன்ற விவாதங்கள் மின்னூலகமாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. டாங்கித் தொழிற்சாலை பற்றி அங்கே என்ன பேசினர் என்பதை அவற்றில் தேடலாம் என்ற குறிப்பு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பழைய தொகுதிகளைத் தேடும் முறை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எதற்காகச் செல்ல வேண்டும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்களை எப்படிக் கேட்டுப் பெறுவது என்ற விளக்கம். முன்னவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகளைக் காண ‘சோத்கங்கா’ என்ற களஞ்சியம் (ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் உண்டு, பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், கங்கையில் மூழ்காமலே படிக்கலாம்!). பிறகு, எடுத்தாண்ட நூலை எப்படிக் குறிப்பிடுவது என்பதற்கு ஒரு மாதிரி. கடைசியாக, ஐயம் தோன்றினால் கேட்பதற்கு ஒரு மனிதரின் பெயர், தொலைபேசி எண், அவர் இருக்கும் நேரம்.

இவ்வளவுதான். எந்த அதிசயமும் இதில் இல்லை. ஒரு நூலகரும் ஒரு துறை ஆசிரியரும் இரண்டு வாரம் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு துறைக்கு முடியும் வேலை.

வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பேரகராதியைத் தொகுத்து 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது எது? நம் சென்னைப் பல்கலைக்கழகம். அதை இணையத்தில் தேடும் மாணவன் பெரும்பாலும் எந்த வாசலில் போய் நிற்கிறான்? அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழக வாசலில்! அங்கேதான் தெற்காசிய மின்னூலகம் என்று ஒன்றை அமைத்து, சொல்லைத் தட்டினால் பொருள் வரும்படி செய்து வைத்திருக்கின்றனர். தெற்காசிய ஆய்வுக்கென வழிகாட்டிப் பக்கங்களும் அந்நூலகத்தார் எழுதியிருக்கின்றனர். அவர்களைக் குறை சொல்லவில்லை; நன்றியே சொல்கிறோம். நம் பாட்டன் வெட்டிய கிணற்றுக்கு வழி கேட்க, நம் பிள்ளை கடல் கடந்து போக வேண்டியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது.

செய்ய முடியாதா? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தனர்; ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலைக் கண்ட இனம் 2005 இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணையக் களஞ்சியம் தொடங்கி, ஈழத்தின் ஏடுகளையும் இதழ்களையும் தேடித் தேடிப் படியெடுத்து, வகைப்படுத்தி, உலகுக்குத் திறந்து வைத்தது. அதற்கும் முன்னரே, 1998 பொங்கலில், ‘மதுரைத் திட்டம்’ என்று தொடங்கித் தன்னார்வத் தொண்டர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். மாதச் சம்பளம் பெறாதவர்கள் செய்த வேலை! மாதச் சம்பளம் பெறுவோர்க்கு முடியாதா என்ன?

‘எதற்கு இந்தத் தொல்லை? செயற்கை நுண்ணறிவுப் பொறியிடம் கேட்டால் நொடியில் சொல்லிவிடுகிறதே!’ என்பது புது எதிர்ப்பு. சொல்லும், சொல்லும்! இல்லாத நூலையும் இருப்பதாகச் சொல்லும். ஆசிரியர் பெயர், பதிப்பித்த ஆண்டு, பக்க எண் உட்படச் சொல்லும். 2023 இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர் அப்பொறியை நம்பி, நடக்காத வழக்குகளைத் தீர்ப்பு எண்ணோடு நீதிமன்றத்தில் சான்று காட்டி, 5,000 டாலர் தண்டம் கட்டிய கதையை அறியீரோ? சட்டம் படித்தவர் கதியே அது. கேள்வி கேட்கப் பிறந்தது பகுத்தறிவு. கேட்டதற்கு வந்த விடையை ஆராயாமல் ஏற்பது பக்தி. அருள்வாக்கைக் கோவில் பூசாரி சொன்னாலும் கண்ணாடித் திரை சொன்னாலும் நமக்கு ஒன்றே. அப்பொறியைத் தொடாதே என்று நாம் சொல்லவில்லை. அது சொல்வதைச் சரிபார்க்க எங்கே போவது என்பதற்குத்தானே வழிகாட்டி வேண்டும் என்கிறோம்!

போலி இதழ்களின் சந்தை வேறு. பணம் கட்டினால் மூன்று நாளில் கட்டுரை அச்சேறும் என்று மின்னஞ்சல் வருகிறது. எது மெய், எது போலி என்று காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியலைப் பேணி வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இனி நிறுவனங்களே தீர்மானித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. தீர்மானிக்க வேண்டிய நிறுவனம் தன் மாணவனுக்கு அதை எங்கே எழுதிக் காட்டுகிறது? எழுதும் இடம் அந்தத் துறை வழிகாட்டியன்றி வேறெது?

‘ஊட்டி வளர்த்தால் பிள்ளை சோம்பேறியாவான்’ என்பாரும் உண்டு. பதில் சொல்லவே கூசுகிறது. பேருந்தில் ஊர்ப் பெயர் எழுதுகிறோமே, பயணி சோம்பேறியாகிவிட்டானா?

மொழிக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒருசில நிலையங்கள் இதுபோன்ற பக்கங்களை அமைக்க முன்வரும்போதும், ஆங்கிலத்தில் மட்டுமே எழுதிவிட்டு ஓய்ந்து விடக்கூடாது. ஆய்விதழ் ஆங்கிலத்தில் இருக்கலாம்; அதற்குச் செல்லும் வழி தமிழில் இருக்க வேண்டும். ‘உள்ளடக்கச் சுருக்கம் என்றால் இது, முதலில் அதை மட்டும் படி, தேவையெனில் முழுக் கட்டுரைக்குச் செல், கடவுச்சொல் கேட்டால் இன்னாரிடம் பெறு’ என்று தமிழில் சொல்வதால் ஆராய்ச்சியின் தரம் குறைந்து விடாது. தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டு பயின்ற பிள்ளை ஆங்கிலக் கட்டுரையை எதிர்கொள்ளும் முதல் நாளில் அவன் கையைப் பிடிக்க ஒரு தமிழ்ப் பத்தி வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. ‘ஒரே சந்தா’வின் நிழல் அரசு நிர்வாகத்திலுள்ள நிலையங்களின் மேல்தான் விழுகிறது. நம் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் பயில்வதோ சுயநிதிக் கல்லூரிகளில். கட்டணத்தையும் கட்டிவிட்டு, சந்தாவுக்கும் வெளியே நிற்பவர்கள்! அவர்களுக்கென வழிகாட்டியில் தனிப் பகுதி வேண்டும்: காசின்றித் திறந்திருக்கும் ஆய்விதழ்கள் எவை, ஒன்றிய அரசின் தேசிய மின்னூலகத்தில் பதிவு செய்வது எவ்வாறு, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் எந்தத் தளத்தில் எந்தத் துறை நூல்கள், கன்னிமாரா நூலகத்தில் என்ன கிடைக்கும் என்றெல்லாம். பல்கலைக்கழகம் மக்கள் பணத்தில் இயங்குவது. அதன் வழிகாட்டிப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போடுவது அடாது. படிப்பவர் எவரும் பார்க்கட்டும். பள்ளி ஆசிரியரும் பார்க்கட்டும், டைடல் பூங்காவில் காவல் காக்கும் இளைஞனும் பார்க்கட்டும்.

நூலகர்களை நாம் பகைவராகக் கருதவில்லை. ஓர் ஆள் மூவர் வேலையைப் பார்க்கும் நூலகங்களையும் நாம் அறிவோம். ‘புத்தகம் தொலைந்தால் உன் சம்பளத்தில் பிடிப்பேன்’ என்று மிரட்டி, நூலகரை நூல் காக்கும் பூதமாக்கிய நிர்வாகங்களையும் அறிவோம். நாம் பயின்ற கல்லூரி ஒன்றில், நூற்பட்டியல் பார்க்கும் ஒரே கணிப்பொறியின் மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டிய தாள், நாம் பட்டம் பெற்று வெளிவந்த நாளிலும் அப்படியே இருந்தது. தாள் மட்டும் மஞ்சளாகி இருந்தது. அதற்கு அந்த நூலகர் என்ன செய்வார்? ஆகவே கேள்வியை உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். வழிகாட்டி எழுதுவதை நூலகரின் பணியாக நிர்வாகம் எழுத்தில் ஏற்க வேண்டும். துறை ஆசிரியர் அதில் உழைத்தால், கருத்தரங்கக் கட்டுரைக்குத் தரும் மதிப்பெண்ணை அதற்கும் தர வேண்டும். ஆண்டுக்கு இருமுறை திருத்த வேண்டும். செத்த இணைப்புகளைச் சுமந்து நிற்கும் பக்கம், பக்கம் இல்லாததைவிடக் கேடு. காலியாய்க் கிடக்கும் நூலகர் இடங்களை நிரப்ப வேண்டும்.

கல்லூரியில் பயிலும் தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கள் துறையில், தேடித் தேடி அலைந்து கண்டுபிடித்த பத்துச் செய்திகளை எழுதுங்கள். எந்த நூல் எங்கே கிடைத்தது, எந்தப் பெயரில் தேடினால் வந்தது, எவர் உதவினார், எது ஏமாற்றிற்று என அடுத்து வரும் தம்பி தங்கையர்க்காகத் தமிழில் எழுதுங்கள். அதை நூலகரிடம் நேரில் கொண்டு போய்க் கொடுத்து, ‘இதை உங்கள் தளத்தில் ஏற்றுங்கள், மீதியை நீங்கள் நிரப்புங்கள்’ என்று கேளுங்கள். கோரிக்கையின் ஒரு படியைப் பதிவாளருக்கு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத் தோழர்கள் இதில் முந்திக்கொள்ளலாம்; செங்கற்பட்டு, திருவள்ளூர் என்ற அந்த நான்கு வரியை நாமே எழுதித் தருகிறோம். பக்கம் ஏறியதும், அதன் அடியில் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகத் திருத்திய நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையேல், அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போய்க் கேளுங்கள்.